பன்னிரண்டாவது குடல்

முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. காலையிலிருந்து உட்காரவில்லை. வைரஸ் பட்ட தட்டுகளையும் குழாய்களையும் வேகவைக்கும் பெரிய குக்கருக்குப் பக்கத்தில் நின்றே பாதி நாள் போயிருந்தது.

இருந்தும் நாற்காலி வேண்டாம் என்றேன். இன்னும் சற்று நேரத்தில் கணினித் திரையில் என் குடலின் லட்சணம் தெரியப்போகிறது. உட்கார்ந்து பார்க்கிற காரியமா அது.

திரைக்கு முன்னால் டாக்டரம்மா. அவருக்குப் பின்னால் நானும் மச்சானும். மச்சான் என் மனைவிக்கு அண்ணன். கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்திலிருந்து எனக்கு ஜோடி. இப்போது கழிவு வேகவைப்பதிலும் ஜோடி.

டாக்டரம்மா வளர்ப்பது வாந்திபேதி வைரஸ். மாடு வளர்ப்பதைவிடக் கஷ்டம். மனிதக் குடலைத் தவிர வேறெங்கும் குடியிருக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஜந்து. அதனால் தொண்டைவழியாகக் குழாய் விட்டு, குடலில் அரிசி நொய்யளவு கிள்ளியெடுத்து, அதைக் கிண்ணத்தில் வாரக்கணக்கில் வளர்த்து, பித்தநீர் சேர்த்து, அதன்மேல் வைரஸை விடுவார். வீட்டுக்கு வந்த சம்பந்திக்குக்கூட இத்தனை உபசாரம் நடக்காது.

இதுவரை பதினோரு பேர் கொடுத்திருந்தார்கள். பதினோரு குடலிலும் அது வளர்ந்துவிட்டது. மச்சான் குடலில் முப்போகம். "உங்க குடல் நல்ல வயல்ண்ணே" என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் டாக்டரம்மாவுக்கு இப்போது வேண்டியது வளராத குடல். வைரஸுக்குக் கதவையே திறக்காத குடல் ஒன்றாவது கிடைத்தால்தான், திறக்கிற குடலோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கமுடியும். மாதக் கடைசிக்குள் கிடைக்காவிட்டால் ஆய்வை மூடும்படி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

ஆய்வை மூடினால் குக்கரையும் மூடுவார்கள். குக்கரை மூடினால் எங்கள் இருவருக்கும் திரும்ப மூட்டைதான். என் முழங்கால் இனி மூட்டை தாங்காது. மச்சான் முதுகும் தாங்காது.

அதனால் பன்னிரண்டாவது ஆளாக நான் வாயைத் திறந்தேன்.

மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்ததையே மச்சான் இப்போதும் சொன்னார்.

"உனக்கு எதுக்கு மாப்ள இந்த வேலை? அன்னிக்குக் கிடங்குல எல்லாரும் வாந்தி எடுத்து விழுந்தப்ப, கடைசியா விழுந்தாலும் பெருசா விழுந்தது நீதான? நாலு நாள் எந்திரிக்கல. எங்ககிட்ட அப்ப எடுத்த அதே வைரஸத்தான் அம்மா ஃப்ரீசர்ல வச்சிருக்காங்க. உன் குடல்ல அது குடும்பமே நடத்தும்."

"நடத்தட்டும் மச்சான். வாடகை வாங்கிக்கலாம்."

டாக்டரம்மா கையை உயர்த்தினார். இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

ஒப்பிடுவதற்காக வைத்த மச்சான் குடல்தான் முதலில் வந்தது. சிவப்புக் கோடு. சரசரவென்று ஏறித் திரையின் உச்சியை முட்டியது.

"பாத்தியா" என்று என் விலாவில் இடித்தார்.

அடுத்தது என்னுடையது. நீலக் கோடு. தரையோடு தரையாகப் போயிற்று. எப்போது எழும் என்று மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முடியும்வரை எழவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். என் குடல் வளர்ந்த இரண்டாவது கிண்ணத்தின் கோட்டைப் பார்த்தார். மூன்றாவதையும் பார்த்தார்.

"பூஜ்யம்" என்றார் மெதுவாக.

பிறகு அந்த ஐம்பது வயதுப் பெண் சுழல் நாற்காலியோடு முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ரெண்டு வருஷமாத் தேடினேண்ணே. ஆளு பக்கத்து ரூம்லயே நின்னுட்டு இருந்திருக்கீங்க."

அப்போதே மேலிடத்துக்குப் போன் போட்டார். பேசி முடித்தவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஆய்வு மூடாது. மச்சான் தன் முதுகை மறந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். என் வாழ்நாளில் முட்டை வாங்கியதற்கு ஒருவர் என்னைத் தூக்கிக் கொண்டாடியது அதுதான் முதல்முறை.

"இது பிறவியிலேயே அமையறதுண்ணே" டாக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "இந்த வைரஸ டம்ளர்ல ஊத்திக் குடிச்சாலும் உங்கள ஒண்ணும் பண்ணாது. எந்தக் காலத்துலயும் பண்ணியிருக்காது."

மச்சான் என்னைக் கீழே இறக்கினார்.

"அப்ப கிடங்குல…" டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "அதே வைரஸ்தானே?"

மச்சான் சட்டைப்பையில் சில்லறையைத் துழாவினார்.

"மாப்ளைக்கு அது வேற ஏதோ காய்ச்சலா இருந்திருக்கும்மா" என்றார் மச்சான். என்னைப் பார்க்கவில்லை. "நான் டீ வாங்கிட்டு வரேன். பூஜ்யத்துக்குச் சீனி தூக்கலாவே போடச் சொல்றேன்."

போய்விட்டார்.

அப்போது எனக்கு வேறு காய்ச்சலும் இல்லை.

எல்லோரும் குடித்த தண்ணீரைத்தான் நானும் குடித்தேன். அவர்கள் வாந்தியை அள்ளிக் கொட்டியதும் நான்தான். என்னை அது தொடவே இல்லை. பதினாலு வயதில் தோளில் ஏறிய மூட்டை. ஒரு நாள் லீவு கண்டதில்லை. எல்லோரும் படுக்கிறார்களே என்று நானும் படுத்தேன். நாலு நாளும் போர்வைக்குள் தூங்கினேன். என் மனைவி வாசலை மறித்து நின்று, "அவரால எந்திரிக்கவே முடியலண்ணா" என்று தன் சொந்த அண்ணனிடமே இழுத்தாள்.

இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அன்று அது என்னைத் தொடாததை நம்பித்தான் டாக்டரம்மாவின் குழாய்க்கு வாயைத் திறந்தேன்.

அந்த நாலு நாளும், என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடக்கூடாது என்று, பேதி நிற்காத வயிற்றோடு மச்சான் தன் மூட்டையையும் தூக்கினார், என் மூட்டையையும் தூக்கினார்.

நாளுக்கு நூற்றிருபது.

மச்சானுக்கு நான் நானூற்று எண்பது மூட்டை பாக்கி.