ஏசினால்தான் கட்டுவார்கள்

“பூனாகலைத் தோட்டத்து அங்கம்மா இந்த மாசமும் தவணைக் காசு கட்டல்லையா?”

வீரசிங்கம் முதலாளி கேட்டதும் ரொஷானி தவணைக் கொப்பியைப் புரட்டினாள்.

பண்டாரவளையில் கட்டில், அலுமாரி, தையல் மெசின் விற்கும் அவருடைய தளபாடக் கடையில் அவளுக்குப் பின்னேரம் மட்டும் வேலை. தவணைக்குச் சாமான் வாங்கியவர்கள் பிந்தினால் போனில் கோல் எடுத்து ஞாபகப்படுத்த வேண்டும். காலையில் போகும் கணக்கியல் வகுப்பின் பீஸ் இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

“அந்த லயத்து வீட்டுக்காரங்க எல்லாருமே அப்படித்தான். பத்தாம் திகதி சம்பளம் கைக்கு வந்திரும். ஆனா நாம ஏசினாத்தான் பஸ் ஏறுவாங்க. இன்னைக்குக் கட்டல்லேன்னா தையல் மெசினைத் தூக்கிட்டு வந்திருவோம்னு சொல்லு!”

ரொஷானி போனை எடுத்தாள். முதலாளி பக்கத்திலேயே நின்றார். அவள் யாரோடு பேசினாலும் இடையில் தன் பங்குக்கு உரக்க ஏதாவது சொல்லாவிட்டால் மனுசனுக்குத் தலை வெடித்துவிடும்.

“அங்கம்மாக்கா, மாசாமாசம் இப்படிச் சொல்ல வைக்கிறீங்களே, வெக்கமா இல்லையா? மெசினைத் தூக்கச் சொல்றாரு.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“இந்தா வாறேன் மிஸ்.” அங்கம்மாவின் குரலில் கோபமே இல்லை.

கடை மூடுமுன் அங்கம்மா வந்துவிட்டாள், ஒரு பை பச்சைப் போஞ்சிக்காயோடு. முதலாளி தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்.

“தோட்டத்துப் போஞ்சி மிஸ், வீட்டுக்குக் கொண்டு போங்க. இந்தாங்க காசு. சம்பளத்தன்னைக்கே எடுத்து வச்சது.”

“அப்பவே இருந்திச்சா? பெறகு ஏன்க்கா பேச்சு வாங்குறீங்க? ஒங்கள ஏசிட்டு எனக்கு மனசே சரியில்ல.”

அங்கம்மா வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“மொத மாசம் நான் நாள் தவறாமக் கட்டினேன், ஞாபகமா மிஸ்? நன்றி சொல்ல நீங்க கோல் எடுத்தப்ப, பக்கத்தில நின்னு மொதலாளி கத்தினது எனக்கும் கேட்டிச்சு. ‘எல்லாரும் இப்படி ஒழுங்காக் கட்டிட்டா இந்தப் புள்ளைக்கு இங்க என்ன வேலை, நிப்பாட்டிடலாமே’ன்னாரு.”

ரொஷானிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“பதினைஞ்சாந் திகதி வரைக்கும் வட்டி இல்லதானே மிஸ். அதான் லயத்தில எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், மிஸ் கோல் எடுத்து ஏசாம ஒருத்தரும் காசு கட்டக்கூடாதுன்னு!”