பெயர் போடாத கட்டுரை

“இவரை நான் பார்த்ததே கிடையாது” என்று சாட்சிக் கூண்டில் நின்று சிவகாமி சொன்னாள்.

எதிர்க் கூண்டில் நின்ற பத்திரிகை ஆசிரியர் வீரசாமிக்குக் காது அடைத்துப்போயிற்று. அவர் எதிரே உட்கார்ந்து, கண்ட கொடுமையை அழுதழுது சொன்னவள் இவள்தானே?

மொரீஷியஸ் தீவில் முப்பத்தேழாம் வருஷத்து வேலைநிறுத்தம். ஃப்ளாக் பக்கத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றில், முனிசாமி என்ற இளைஞனைக் காவலாட்கள் அடித்தே கொன்றார்கள். கரும்பு வண்டியிலிருந்து விழுந்து செத்தான் என்று தோட்டத்து நிர்வாகம் கதை கட்டியது. உண்மையை வீரசாமி தம் வாரப் பத்திரிகையில் போட்டார். அவதூறு வழக்கு வந்தது.

நேரில் பார்த்தவள் சிவகாமி ஒருத்திதான். வழக்கு என்று வந்தால் கோர்ட்டில் வந்து சொல்கிறேன், அதுவரை நான் யாரென்று வெளியே தெரியக் கூடாது என்று கேட்டிருந்தாள். வீரசாமியும் பெயரைப் போடவில்லை. இப்போது என்னடாவென்றால், ஒரேயடியாகக் கைவிரித்துவிட்டாள்.

தீர்ப்பு வந்தது. அவருக்கு ஆறு மாதச் சிறை, பத்திரிகைக்குப் பூட்டு.

தலைநகரம் போர்ட் லூயியின் பெரிய மனிதர்கள் விளம்பரம் கொடுக்காமல் பட்டினி போட்டும் சாகாத பத்திரிகை அது. இந்தக் கூலி ஜனங்களுக்காக அவர் நல்ல உத்தியோகத்தை விட்டார், சொந்தபந்தத்தைப் பகைத்துக்கொண்டார். கடைசியில் அவர்களில் ஒருத்தியே குழி பறித்தாள்.

“விலை போய்விட்டாள்” என்றார் அவருடைய வக்கீல் ரெஜிஸ். வீரசாமிக்கும் அதில் சந்தேகமில்லை.

போலீஸ்காரர் அவரை அழைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, தூணோரம் சிவகாமி நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை.

“உங்களுக்காகத்தானே அம்மா எழுதினேன்? இப்படிச் செய்துவிட்டாயே” என்றார்.

அவள் நிமிரவில்லை. “பேப்பர் வந்த அன்னைக்கே மேனேஜர் கூப்பிட்டு விட்டாரு, அய்யா. உன் புருஷனும் வண்டியிலேர்ந்து விழணுமான்னு கேட்டாரு.”

“அவருக்கு எப்படித் தெரிந்தது? நான் உன் பெயரைப் போடவே இல்லையே?”

“பேரு போடலீங்க. கைக்குழந்தையோட தீ மிதிச்சப்போ நடுங்காத காலு, இதைச் சொல்லும்போது நடுங்குச்சுன்னு போட்டிருந்தீங்களாம். இந்தத் தை மாசம் எங்க தோட்டத்துக் காம்ப்ல குழந்தையைத் தூக்கிக்கிட்டுத் தீ மிதிச்சது நான் ஒருத்திதான்.”

அடித்து அடித்துத் திருத்தி, தாமே மெச்சிக்கொண்ட வரி அது. அச்சுக்கோப்பவரிடம்கூட வாசித்துக் காட்டினார்.

சிவகாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மேனேஜர் அந்த வரியை கணக்கரை விட்டு எனக்கு ரெண்டு தரம் படிச்சுக் காட்டச் சொன்னாரு. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க, அய்யா.”