யாருக்கு எந்த அறை?

வசந்த விடுமுறைக்கு இன்னும் மூன்றே நாள். ஃபீனிக்ஸில் இருக்கும் தன் வீட்டுக்கு வரப்போகும் சொந்தக்காரர்களில் யாருக்கு எந்த அறை என்று லோர்னா எழுதிக்கொண்டிருந்தாள்.

"நீச்சல் குளத்தைப் பார்த்த அறை கிரேட்டா அக்காவுக்கு. தம்பி குடும்பம் மாடியில. பசங்க எல்லாம் ஹால்ல உருளட்டும்."

"மொத்தம் பதினோரு பேரு! நாம எங்க படுக்கிறது?" என்றான் கணவன் வெர்ன். "போன தடவை நான் கார்ல தூங்கினேன். இன்னும் கழுத்து வலிக்குது."

"இந்தத் தடவை நமக்குத் தனி வீடு. பெட்டியில கம்பளிக் கோட்டையும் எடுத்து வை."

"கோட்டா? வெயில் மண்டையைப் பிளக்குதே!"

"சொன்னதைச் செய்யேன்."

சனிக்கிழமை மதியம் கிரேட்டாவின் போன் வந்தது.

"லோர்னா, எவ்வளவு நேரமா பெல் அடிக்கிறது? எங்க ஊரு மினியாபொலிஸ் பனியில செத்துப் பிழைச்சு வந்திருக்கோம், கதவைத் திறடி!"

"சாவி கள்ளிச்செடித் தொட்டிக்கு அடியில இருக்குக்கா. சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல."

"நீ எங்க போன?"

ஏழு வருட விடுமுறைகளைச் சொந்தக்காரர்களுக்குச் சமைத்தே கழித்த லோர்னா, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, சன்னலுக்கு வெளியே கொட்டும் பனியை ரசித்தாள்.

"உன் வீட்லதான்க்கா. அவசரத்துக்கு வெச்சுக்கோன்னு ஒரு சாவி கொடுத்தியே! ஆமா, இந்த ஹீட்டரை எப்படிக் கூட்டுறது?"