சுமினாவின் கன்னம்
குமாசி நகரத்தின் மதிய வெயிலில் என் சுவரொட்டிக் கடையின் தகரக் கூரை சடசடக்கிறது. சனிக்கிழமை அடக்கமாகப் போகும் சுமினாவின் முகம் கணினித் திரையை நிறைத்திருக்கிறது. மரணச் சுவரொட்டிக்கான படம். பக்கத்து முக்காலியில் அவருடைய அக்கா போக்குவா, கறுப்பும் சிவப்புமாகத் துணி சுற்றியபடி, கென்கே என்னும் புளித்த சோள உருண்டைப் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டுத் திரையை நோக்கிக் குனிகிறார். "இது யாரும்மா?" "உங்க தம்பிதான்கா." "கன்னத்துல கோடு எங்க? இவனுக்கு முன்னாடி நாலு பிள்ளைங்கள எங்கம்மா சாவுக்கு வாரிக் கொடுத்தா. அதான் இவன் கன்னத்துல கத்தி வெச்சா, சுமினா, அதாவது குப்பைமேடுன்னு பேரும் வெச்சா. சாவு அருவருத்துப் போயிடட்டும்னு." மூலப் படத்தை மறுபடி திறக்கிறேன். கோடு ஒரு கணம் தெரிகிறது. உடனே கன்னம் வழவழவென்று மூடிக்கொள்கிறது. 'குறை நீக்கப்பட்டது' என்கிறது மென்பொருள். போன வாரம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதிலிருந்து இதே வேலை. நிறுத்த வழியே வைக்கவில்லை. பன்னிரண்டு வருடம் இதை வைத்துத்தான் சோறு தின்றேன். இனி வேண்டாம். இதே தொழில் செய்யும் தோழிகள் ஏற்கெனவே மாறிக்கொண்ட வேறொரு மென்பொருளை இறக்கிக்கொண்டு, பழையதை நீக்கு என்று அழுத்துகிறேன். போகிற நேரத்திலும் ஒரு பெட்டி வந்து பல்லிளிக்கிறது: ஏன் விலகுகிறீர்கள்? விலை அதிகமா, பயன்படுத்தக் கடினமா, வேறு காரணமா? போக்குவாவுக்குப் படித்துச் சொல்கிறேன். நாற்றம் பட்டதுபோல் மூக்கைச் சுளிக்கிறார். "எழுதும்மா. எங்க வீட்டுப் பிணத்த நாங்களே குளிப்பாட்டிக்குவோம்."