விடுபட்ட வரி

கைபேசியோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வது கணவனுக்குப் புதுப் பழக்கம். அவள் கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"அவகிட்ட மூச்சு விடல சார். தெரிஞ்சா ஊரைக் கூட்டிடுவா. இந்த இதழ்லயே வந்துடும்."

'சார்' என்றதும் ஒரு பயம் போய் இன்னொரு பயம் வந்தது.

மலைப்பாறை இடுக்கில் அவள் கண்டெடுத்த ஊதாப் பூச்செடி, இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம். அனுமதிக்காகக் கொடுத்த அவளுடைய கட்டுரையை அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் இயக்குநர் மாதக்கணக்கில் கிடப்பில் போட்டிருந்தார். அதே ஆய்வகத்தின் இதழை அச்சுக்குத் தயார் செய்பவன் கணவன். யார் முதலில் முறைப்படி வெளியிடுகிறார்களோ, அவர்கள் வைத்ததுதான் பெயர்.

"என் செடியைப் பத்தி டைரக்டர் ஏதாவது சொன்னாராங்க?"

"இல்லையே." அச்சுப்படியிலிருந்து அவன் தலையைத் தூக்கவில்லை. ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் தூக்கம் வராத ஆள்.

அடுத்த வாரம் இதழ் வந்தது. அவளுடைய செடி, அவள் எடுத்த படம். எழுதியவர் இயக்குநர். செடிக்கு வைத்திருந்ததோ அவர் மகளின் பெயர்!

இதழை அவன் முன்னால் விசிறியடித்தாள். "கூட இருந்தே குழி பறிச்சிட்டீங்களே!"

"முழுசாப் படிச்சியா?" என்றான், அவ்வளவுதான்.

ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு படித்தாள். இலை, பூ, காம்பு என்று வருணனையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பெயருக்கு ஆதாரமான, உலர்த்திய மாதிரிச் செடி எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்று சொல்லும் வரி எங்கே? புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். இல்லை. அந்த வரி இல்லாத வெளியீடு, விதிப்படி வெளியிடாததற்குச் சமம்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இந்தப் பேரு செல்லாதுங்க! திருடத் தெரிஞ்சவருக்கு இது தெரியலையே!"

கணவன் அவளுடைய மடிக்கணினியைத் திறந்து முன்னால் நகர்த்தினான். "உன் கட்டுரையை வேற இதழுக்கு இப்பவே அனுப்பு. இந்தக் குறை அவர் கண்ணுல படறதுக்குள்ள உன்னுது வந்துடணும்."

"அது சரி, இவ்வளவு பெரிய மனுஷன் இந்த வரியை எப்படி விட்டார்?"

"அவர் விடல. நான்தான் எடுத்தேன்."