ஜெயித்த காளைக்கு வெல்லம்

ராஜாவுக்காகப் போருக்குப் போன மயிலைக்காளை, எதிரி நாட்டுச் செவலைக்காளையை முட்டிச் சாய்த்துவிட்டு ஒற்றைக் கொம்போடு திரும்பி வந்தது. அரண்மனை வாசலில் தடபுடலான வரவேற்பு. கழுத்தில் மாலை, வாய் நிறைய வெல்லம். ஆனால் வந்தவனெல்லாம் முதுகைத் தடவித் தடவிப் பார்த்து முழம்போட்டு அளந்ததுதான் அதற்குச் சரியாகப் படவில்லை.

பக்கத்தில் தோல் கிழிந்து கிடந்த வெற்றி முரசிடம் மெதுவாகக் கேட்டது.

"அண்ணே, தோற்றுப்போன செவலையை என்ன செய்தார்கள்?"

"ஏர் உழ அனுப்பிவிட்டார்கள். பிழைத்துக்கொண்டான்."

மயிலை மெல்லுவதை நிறுத்தியது. "நீங்கள் எப்போதுமே முரசுதானா, அண்ணே?"



"இல்லை, தம்பி. போன போரில் ஜெயித்த காளை நான்தான். எனக்கும் இதே வெல்லம்தான் கொடுத்தார்கள்."