மூன்றாவது மாடித் துப்பறிவாளர்

கொலையைச் செய்தது மனைவிதான் என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காலை பத்து மணிக்கே தெரிந்துவிட்டது. டீவியில் இருந்த துப்பறியும் அதிகாரிக்கு அது தெரிய இன்னும் மூன்று எபிசோட் ஆகும்.

"விருது வாங்கின தொடராம்! இந்த ஆளுக்கு இதுகூடப் புரியலை" என்றபடி மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் ஏற்றி வைத்துக்கொண்டார்.

ஊரிலிருக்கும் லிஃப்டுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. வழுக்கி விழுந்து ஆறு வாரமாகிறது, கீழே இறங்கவே இல்லை. ஒரு கட்டில், ஒரு டீவி, சன்னலில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. ஜெயிலில் இருப்பவனைக்கூடச் சாயங்காலம் கொஞ்சம் நடக்க விடுவார்கள். இவருக்குக் குட்டி போட்ட பூனை மாதிரி உலாத்தவும் வழியில்லை.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுட்டா முதல்ல என்ன செய்வீங்க?"

"மெயினை ஆஃப் பண்ணணும், அப்புறம்தான் பிரேக்கை விடணும். இப்போ எதுக்கு அது? அவ ரத்தக் கறையைத் துடைக்கிறா, மறைக்காதே!"

தொடர் ஓடும்போதுதான் அவளுக்கு இப்படி ஏதாவது கேட்கத் தோன்றும். சும்மா கிடக்கிற மனுஷனுக்குப் பேச்சுத் துணையாம்.

"கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிட்டாள். மணி பதினொன்று.

ஆறு வாரம் துப்பறியும் தொடர் பார்த்தால் துப்புக்கெட்டவனுக்கும் துப்பு கிடைக்கும். கடைக்குப் போகிறவள் பாதி நாள் வெறுங்கையோடு வருகிறாள். வந்ததும் வராததுமாகக் குளியலறைக்குள் புகுந்து, சோப்பு கரைகிற வரைக்கும் கையைத் தேய்த்துக் கழுவுகிறாள். நேற்று பால்கனியில் நின்று போனில் குசுகுசுத்ததை இவரே காதால் கேட்டார்: "பயப்படாதீங்க. நான் வர்ற வரைக்கும் கதவைத் திறக்காதீங்க."

தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒன்றாகப் படித்தபோது, இவர் இரண்டு வருடம் பின்னாலேயே சுற்றிக் கட்டிக்கொண்டவள். வேலைக்கெல்லாம் போக வேண்டாம், ராணி மாதிரி வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் அழைத்து வந்தார். அவளா இப்படி? அவள் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயமும் கூடவே வந்தது. இந்த மாடிப்படி மட்டும் இல்லையென்றால் பின்னாலேயே போய்க் கையும் களவுமாகப் பிடித்திருப்பார்.

ஒரு மணிக்கு அவள் திரும்பினாள். கையில் பை இல்லை. முகத்தில் என்றுமில்லாத சந்தோஷம் இருந்தது, அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை.

"கடையில ஒண்ணும் கிடைக்கலையா?"

"ஒரே கூட்டங்க." நேராகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அவளுடைய போன் மேசை மேல் கிடந்தது. ஊன்றுகோலை நீட்டி அதைத் தன் பக்கம் இழுத்தார். கடைசியாகப் பேசியது ஏதோ புது எண். அதையே அழுத்தினார்.

"சொல்லுங்கம்மா!" இதுவரை கேட்டிராத ஓர் ஆண் குரல். "இப்பத்தானே போனீங்க, எதையாவது விட்டுட்டுப் போய்ட்டீங்களா?"



"அவ இல்லடா, அவ புருஷன் பேசறேன்!" என்று கத்தினார். "என் பொண்டாட்டிக்கு அங்கே என்னடா வேலை?"

அந்தப் பக்கக் குரல் மரியாதையோடு குழைந்தது.

"அடடே, நம்ம லிஃப்ட் மெக்கானிக்கம்மா வீட்டுக்காரரா?"